திரும்ப வாங்கிய ஆமென்

கர்த்தருக்குள் தம்பிக்கு அக்கா எழுதுவது.

அன்றைக்கு ஆலயத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் “நான் அங்க இல்லவே இல்ல” என்று கையைக் கழுவக் கூடாது. போதகர். அவர் மனைவி. ஆர்கன் வாசிக்கும் பாட்டு டீச்சர். மணியடிக்கிறவர். தையற்காரர், முப்பத்தொரு வருஷத்துக்கு முன் என் மகளின் கல்யாண உடுப்பைக் கெடுத்தவர், அதை நான் மறக்கவில்லை. லாரி ஓட்டுகிற குண்டன். பல் டாக்டர். முன் வரிசையில், செருப்புச் சேற்றைக்கூடத் துடைக்காமல் வந்து உட்கார்ந்த அரசாங்க அதிகாரி, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். நான். என் பேத்தி. அடை மழை, மற்றவர்கள் வரவில்லை. ஆண்டவரும் இருந்தார். அவரை அதிகாரி கணக்கில் சேர்க்கவில்லை.

நீ அனுப்பிய சுற்றறிக்கையைப் போதகர், ‘ஒரே தேவனை விசுவாசிக்கிறேன்’ என்று நாங்கள் விசுவாசப் பிரமாணம் சொல்லி முடித்த கையோடு வாசித்தார். அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று நீயே போட்டிருந்தாயாம். நாட்டுத் தலைவருக்கு உறுதிமொழி. “அவரே நமக்குத் தஞ்சம், அவர் சொல்லே நமக்கு வழி, அவருக்கு மேலாக நமக்கு ஒருவரும் இல்லை.” இதற்குக் கீழே பேராயர் முத்திரை. உன் முத்திரை.

நம் போதகர் எதை வாசித்தாலும் ஒரே ராகம். சாவுச் செய்தியும் கல்யாண அறிவிப்பும் ஒன்றுபோலவே கேட்கும். கடைசியில் குரலை இறக்குவார். அவர் இறக்கினால் எங்கள் வாய் தானாகத் திறக்கும். அன்றைக்கும் திறந்தது. எல்லோரும் “ஆமென்” என்றோம். நானும்தான். எழுபது வருஷப் பழக்கம், காது கேட்பதற்கு முன்னால் நாக்கு ஓடிவிட்டது. அதிகாரி நோட்டில் எழுதினார், சபை முழுவதும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது என்று. சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார், கிறுக்குப் பயல்.

அப்போதுதான் பேத்தி எழுந்தாள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறவள், கை நடுங்காது. ஆனால் அன்றைக்கு முன் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். “சார், ஒரு நிமிஷம். பழக்கத்துல ஆமென்னு சொல்லிட்டேன். அதை நான் திரும்ப வாங்கிக்கிறேன். எழுதிக்குங்க” என்றாள்.

அதிகாரி சிரித்தார். “ஏம்மா, ஆமென் என்ன, கடையில வாங்குன புடவையா? கலர் பிடிக்கலன்னா திருப்பிக் குடுக்க?” என்று கேட்டார். அவள் சொன்னாள்: “வரி கட்டுறேன் சார். வரிசையில நிக்கிறேன். தலைவர் நல்லா இருக்கணும்னு ஜெபம் கூடப் பண்றேன். ஆனா அவருக்கு மேல ஒருத்தர் இருக்கார். இல்லைன்னு இந்த இடத்துல நின்னு சொல்ல எனக்கு வாய் வராது.”

அதிகாரி வாசலைப் பார்த்துக் கையசைத்தார். வாசலில் நின்ற போலீஸ்காரர்கள் இருவரும் உள்ளே வந்து அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குடையை எடுக்கக்கூட விடவில்லை. நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். பிடித்து வைத்த பிள்ளையார் என்பார்களே, அப்படி. நம் வாயால் அந்த உவமை வரக் கூடாதுதான், ஆனால் அப்படித்தான் இருந்தோம்.

இன்றோடு பதினொரு நாள். அப்பனும் ஆத்தாளும் இல்லாத பிள்ளை, எனக்கென்று இருப்பது அவள் ஒருத்தி. சிறையில் ஒரு தடவை பார்க்க விட்டார்கள். போர்வை கொண்டுபோனேன். “பாட்டி, பக்கத்துல ஒரு அக்காவுக்குக் குளிர் காய்ச்சல், அவங்களுக்குக் குடுத்துடறேன்” என்றாள். உதடு வெடித்திருந்தது. குளிராலா, அடியாலா என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டாள்.

வெளியே வந்தபோது அதிகாரி ஒரு தாள் கொடுத்தார். அவளுக்குப் புத்தி சரியில்லை என்று நான் கையெழுத்துப் போட்டால் அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்புவார்களாம். அதை வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கையில்தான் உன் கடிதம் வந்தது. “அக்கா, ஒரு கையெழுத்துதானே, போட்டுவிடுங்கள். இராயனுடையதை இராயனுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறதே” என்று எழுதியிருக்கிறாய்.

தம்பி, நான் அஞ்சாம் வகுப்பு. நீ கடல் தாண்டிப் போய்ப் படித்தவன். இருந்தாலும் எனக்கு ஒன்று சொல். இயேசுவிடம் காட்டிய அந்த வரிக் காசில் ரோமாபுரி இராயனின் முகம் இருந்தது, அதனால் அவனுக்குப் போகட்டும் என்றார். எங்கள் ஆமெனில் யார் முகம் இருக்கிறது? அந்தப் பிள்ளையின் புத்தியில் யார் முகம் இருக்கிறது? அந்த ஆலயத்திலேயே புத்தி சரியாக இருந்தது அவள் ஒருத்திக்குத்தான். அதை இல்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

பேனாவை எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், இரண்டு தடவை எடுத்தேன். அந்த உதடு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆனால் நான் கையெழுத்துப் போட்டு அவள் வீட்டுக்கு வந்தால், என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாளா? தாள் இதோடு இருக்கிறது, கையெழுத்து இல்லாமல். வேண்டுமானால் நீயே உன் முத்திரையைப் போட்டுக்கொள், உனக்குத்தான் அது கைவசம் இருக்கிறதே.

வருகிற ஞாயிறு மறுபடி அதை வாசிக்கிறார்கள். நான் எழுந்து என் ஆமெனைத் திரும்ப வாங்கப் போகிறேன். நேற்று தையற்காரர் வந்து, “அம்மா, என்னுதையும் சேத்து வாங்கணும், தனியா எந்திரிக்கக் கால் வராது, நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிச்சுடுவேன்” என்று அழுதார். குண்டன் லாரியைப் பட்டறையில் விட்டுவிட்டான், பிடித்துக்கொண்டு போனால் வண்டியாவது தப்பட்டும் என்று. பாட்டு டீச்சர் பெட்டியில் மாற்றுத் துணி எடுத்து வைத்திருக்கிறாள்.

அதற்குள் நீ சுற்றறிக்கையைத் திரும்பப் பெறு. அவளுக்கு இருந்தது ஒரு வாய். உனக்குச் செங்கோல் இருக்கிறது, கார் இருக்கிறது, நானூறு ஆலயம் இருக்கிறது.

போதகரை மன்னித்தேன், மூன்று பிள்ளைக்காரர். போலீஸ்காரர்களை மன்னித்தேன், சின்னவன் பேத்தியின் செருப்பைக் குனிந்து எடுத்துக் கொடுத்தான். அதிகாரியையும் முழங்காலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு மன்னித்தேன். அவர் தேவனை அறியாதவர். தையற்காரரின் உடுப்புக் கணக்கையும் நேற்றோடு தீர்த்துவிட்டேன்.

உனக்கு நல்ல சுகம் தரும்படி கர்த்தரை இன்று காலையும் கேட்டேன். தைரியமும் கேட்டேன். அவர் மன்னிக்கிறவர், உன்னையும் மன்னிப்பார். எனக்கு அந்தக் கிருபை இன்னும் வரவில்லை. அந்தச் சிறை வாசலில் வந்து நின்று அவளை வெளியே கூட்டி வருகிறவரைக்கும் நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான்: அறிந்தே அந்தத் தாளில் முத்திரை போட்ட எங்கள் பேராயர், அம்மா செத்த பிறகு நான் இடுப்பில் சுமந்து வளர்த்த என் தம்பி.