சந்தனம் அரைத்தவர்

அரியலூர்
6-12-1949

அன்புள்ள ராவுத்தருக்கு,

ஆண்டிமடத்தில் முந்திரி மூட்டை நிறுக்கிறீர் என்று கேள்விப்பட்டேன்.

நேற்று ஆபீஸில் என்னைப் பேப்பர் வாசிக்கச் சொன்னார்கள். வரப்போகிற அரசியல் சட்டத்தில், மதத்தைக் காரணம் காட்டி யாருக்கும் சர்க்கார் வேலையை மறுக்கக் கூடாதாம். அந்த வரியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன். "தொண்டை கட்டிக்கிச்சுங்களா?" என்று பியூன் தண்ணீர் கொண்டுவந்தான்.

போன வருஷம் உமது வேலை நிரந்தரமாகாதது மேலிடத்து உத்தரவு என்று சொன்னேன் அல்லவா, அது பொய். அதிகாரி என்னிடம்தான் அபிப்பிராயம் கேட்டார். "ஆயுத பூஜைக்கெல்லாம் ஒத்து வர மாட்டாருங்க" என்றேன்.

நீர் இங்கே இருந்த ஏழு வருஷமும் அந்தப் பூஜைக்குச் சந்தனம் அரைத்தது நீர். தர்காவுக்கு அரைத்துப் பழகிய கை என்று நீராகவே முன்வந்தீர். இந்த வருஷம் உமது இடத்துக்கு வந்த என் மைத்துனன் அரைத்தான். நறநறவென்று இருந்தது.

அதிகாரியின் மேல் வருத்தம் வேண்டாம். உமது மதத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. "அவரு கையெழுத்து எப்படி?" என்று மட்டும்தான் கேட்டார்.

இப்படிக்கு,
உமது பக்கத்து மேஜைக்காரன்