இரண்டு மாதத்துக்கு ஒரு வீடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்றுதான் இந்தக் கடிதம்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்துவிட்டது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். இது நிஜமாகவே எலி வளைதான். கட்டில், மெத்தை, கேஸ் அடுப்பு எல்லாம் வீட்டோடு இருக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்துச் சுவர். "நல்லதாப் போச்சு, எதிர்வீட்டுக்காரிகூடச் சண்டை வராது" என்றாள் அம்மா.

எட்டு வீடு ஏறி இறங்கினேனம்மா. கொஞ்ச நாளைக்குத்தான் என்றாலே புரோக்கர் முகம் சுருங்கிவிடுகிறது. நோயாளி என்றதும் ஒருத்தர், "ஏதாவது ஆயிட்டா அப்புறம் யாரு குடிவருவா?" என்று நேருக்கு நேர் கேட்டார். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

இந்த வீட்டுக்கார அம்மாளும் ஆறு மாதத்துக்குக் குறைந்து தரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அலைந்த எரிச்சலில் கத்திவிட்டேன்: "அவ்வளவு நாள் தேவைப்படாதும்மா, டாக்டரே ரெண்டு மாசம்தான்னு சொல்லிட்டார்!" உன் அம்மா கீழே ஆட்டோவில் இருப்பதாக நினைத்திருந்தேன். லிஃப்டில் ஏறி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும். ஆறு மாத வைத்தியம், அப்புறம் பழையபடி ஆகிவிடும் என்று அவளிடமும் உன்னிடமும் புளுகி வைத்திருந்த பாவி நான்.

அவள் அழவில்லை. சமையலறையை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் எப்போதும் வருமா என்று விசாரித்தாள். பிறகு, "ரெண்டு மாசம் போதுங்க. அதுக்கு முன்னாடியேகூடக் காலி பண்ணிடுவோம்" என்றாள். அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அவர் போனதும் உன் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: "இதை எத்தனை நாளா ஒத்தையில தூக்கிக்கிட்டு அலையறீங்க?" நான்தான் குழந்தை மாதிரி அழுதேன்.

உனக்குத் தெரியக் கூடாதாம். புது வேலை, லீவு கேட்டால் கெட்ட பெயர் வருமாம். முப்பது வருஷத்தில் அவள் பேச்சை நான் தட்டியதில்லை, இன்றைக்குத் தட்டுகிறேன். உடனே புறப்பட்டு வா, கண்ணு. அப்பா இதை எழுதினார் என்று மட்டும் சொல்லாதே. ஆசைப்பட்டு வந்தேன் என்று சொல்.

வழக்கமான கடிதம் என்று நினைத்துக்கொண்டு, படுத்தபடியே அம்மா சொல்கிறாள்: "நூறு வயசு நல்லா இருக்கணும்னு நான் சொன்னதா எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

உன் அப்பா