ஆன்வில் பப்பின் லைசென்ஸ்காரி

ஆன்வில் பப், ஸ்மெதிக்
இங்கிலாந்து
8 ஜனவரி 1987

அன்புள்ள சுர்ஜீத்,

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆரம்பித்தால் முதல் வரியே பொய்யாகிவிடும். நீ லெஸ்டருக்குப் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. என் குரலைக் கேட்டாலே உன் அக்கா பல்பீர் ஃபோனை வைத்துவிடுகிறாள். நானும் பாருக்குப் பின்னால் நின்றுகொண்டு எத்தனை தடவைதான் "ஹலோ, ஹலோ" என்று கத்துவது? அத்தனை பேரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே வெந்தயக்கீரைக் கோழி செய்தேன். நம் எர்னி ட்ரான்டர் ஒரு வாய் வைத்தார். "ஏம்பா சந்தோக், இது கோழியா, இல்ல எங்க ஃபவுண்டரில இரும்பு உருக்கினதுல மிச்சமா?" என்று கேட்டார். ஒரே சிரிப்பு. டோரிஸ் கிழவி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "சுர்ஜீத் வர்ற வரைக்கும் நான் வீட்லயே முட்டைய வேகவெச்சுத் தின்னுக்கறேன்" என்று குச்சியை ஊன்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் கதவைத் திறந்ததும் மூக்கை நீட்டி மோந்து பார்க்கிறார்கள். வெங்காயத்தின் மேல் ஆட்டுச் சாப்ஸ் சீறும் அந்த இரும்புத் தட்டுச் சத்தம் இல்லை. ஒரு பைன்ட் பீர் குடிக்கிறார்கள், கோட்டை மாட்டிக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் ஒன்று குடிக்க வந்தவன் சாப்பிட்டு, டோமினோ ஆடி, பெண்டாட்டி ஆள் அனுப்பும்வரை இருப்பான்.

முக்கியமான விஷயம். பிப்ரவரி 10, செவ்வாய், கோர்ட்டில் லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள். வழக்கம்போல் நீ வந்து நிற்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை, வெறும் சம்பிரதாயம். பேச்செல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வராவிட்டால் பப்பைப் பூட்ட வேண்டியதுதான். அன்றைக்கு ஏதோ வாய் தவறி வந்துவிட்டது. அதைப் போய்ப் பெரிதாக்காதே.

உன்
சந்தோக்


லெஸ்டர்
14 ஜனவரி 1987

குல்தீப்பின் அப்பாவுக்கு,

அக்கா வீட்டு வாசலில் முழங்கால் வரைக்கும் பனி. இன்றைக்குத் தபால் வராது என்று நிம்மதியாக இருந்தேன். தபால்காரர், பாவி மனுஷன், பூட்ஸ் நனைய நனைய உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

வாய் தவறி வந்ததா? என்ன வந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. நீங்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

டிசம்பர் 27, சனிக்கிழமை. தொண்ணூறு பேருக்குச் சமைத்திருந்தேன். காலையிலிருந்து நின்ற கால். கம்பளமும் மெத்தை நாற்காலியும் போட்ட நம் ஸ்மோக் ரூமிலிருந்து டோரிஸ் வந்து, "அம்மா தாயே, போதும். வந்து என் பக்கத்துல செத்த உக்காரு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எர்னி எழுந்து நாற்காலி கொடுத்தார். கையில் ஒரு லெமனேட். ஏழு வருஷத்தில் அந்த ரூமில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எர்னி ஏதோ சொன்னார், சிரித்தேன். அப்போது நீங்கள் வந்தீர்கள். "என்ன இது கூத்து? நம்ம வீட்டுப் பொம்பளைங்க இங்க உக்காரதில்ல. எந்திரி, உள்ள போ" என்றீர்கள். பஞ்சாபியில் சொல்லியிருந்தாலாவது நம் ஆட்களோடு போயிருக்கும். இங்கிலீஷில் சொன்னீர்கள், எல்லாருக்கும் புரியட்டும் என்று. எழுந்து போனேன். எல்லாரும் தங்கள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லீட்ஸிலிருந்து குல்தீப் ஃபோன் செய்தாள். அம்மா ஓய்வெடுக்கப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறீர்களாம். நர்ஸுக்குப் படிக்கிற பெண், அவளிடம் போய் இப்படி ஒரு பொய்யா?

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அதே ரூமில், அதே ஆட்கள் முன்னால், "நான் செய்தது தப்பு" என்று சொல்லுங்கள். கடிதத்தில் சொல்வது கணக்கில் வராது.

சாப்பாட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன், வாடிக்கைக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள். வெந்தயக்கீரையைக் கடைசியில் போட வேண்டும். நீங்கள் முதலிலேயே போட்டிருப்பீர்கள். எல்லாவற்றிலும் அவசரம்.

சுர்ஜீத்


ஆன்வில் பப், ஸ்மெதிக்
20 ஜனவரி 1987

சுர்ஜீத்,

உன் கடிதத்தைப் படித்ததும் தலை கொதித்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் நான் மன்னிப்புக் கேட்பதா? ஞாயிறு குருத்வாராவில் நான் எப்படி முகத்தைக் காட்டுவது? "சந்தோக் பெண்டாட்டி பேச்சுக்கு ஆடறான்" என்று என் காதுபடவே பேசுவார்கள். பப் நடத்துகிறேன் என்பதற்கே பாதிப் பேர் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். உனக்கு இது தெரியாதா?

இந்த பப்பை நான் எப்படி உண்டாக்கினேன் என்பதை மறந்துவிட்டாய். 1962-இல் என் அப்பா இதே ஸ்மோக் ரூம் கதவைத் திறந்தார். "உங்க ஆளுங்களுக்கு வெளிப்பக்க பார்தான், இங்க இல்ல" என்று அன்றைய முதலாளி வெளியே அனுப்பினான். ஃபவுண்டரியில் நாள் பூரா தீயில் நின்றுவிட்டு, குளித்து, டை கட்டிக்கொண்டு போன மனிதர். சாகும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ரூமுக்கு இன்றைக்கு நான் முதலாளி. வாசலுக்கு மேல் என் பெயர் இருக்கிறது. ஊருக்கே தெரியும்.

நேற்று எர்னி மறுபடி, "வீட்டம்மா எங்கப்பா?" என்று ஆரம்பித்தார். வெளியே போ, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் காலை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். ஒரு மாசத் தடை. நீயும் பிடிவாதம் பிடித்தால் உன் விஷயத்திலும் யோசிப்பேன். என் சித்தப்பா மகன் தர்ஷன் இருக்கிறான், நல்ல பையன், போலீஸ் கேஸ் ஒன்றும் கிடையாது. லைசென்ஸை அவன் பேருக்கு மாற்றிவிட்டால் அப்புறம் நீ லெஸ்டரிலேயே இருந்துகொள்ளலாம்.

சந்தோக் சிங் பூரேவால்


லெஸ்டர்
26 ஜனவரி 1987

சந்தோக் சிங் அவர்களுக்கு,

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் உங்கள் பெயரை இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வாசலுக்கு மேல் உங்கள் பெயரா? போய் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். "எஸ். பூரேவால், பீரும் மதுவும் விற்க அனுமதி பெற்றவர்." அந்த எஸ் யார்? ஃபவுண்டரியில் ஃபோர்மேனை அடித்து நீங்கள் கேஸில் மாட்டியதால் உங்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். நான் போய் நின்றேன். கொடுத்தார்கள். பலகை எழுதும்போது, "முழுப் பேரும் எழுத இடமில்ல, எஸ்-னு போட்டாப் போதும்" என்றீர்கள். இடமில்லையாம்! இங்கிலீஷில் இரண்டு பேருக்கும் எஸ்தானே, ஊரெல்லாம் அதை உங்கள் பெயர் என்று நினைத்தது. நானும் சொல்லவில்லை, உங்கள் மரியாதை போகக்கூடாது என்று. ஏழு வருஷமாகப் பார்த்துப் பார்த்து இப்போது நீங்களே நம்பிவிட்டீர்கள்.

நான் கையெழுத்துப் போடாமல் தர்ஷன் பேருக்கு எதுவும் மாறாது. கோர்ட் குமாஸ்தாவுக்கு எழுதிக் கேட்டுவிட்டேன், பதிலும் வந்துவிட்டது. யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்பதும் லைசென்ஸ் வைத்திருப்பவரின் உரிமையாம். எர்னியைத் தடுக்க நீங்கள் யார்? அவருடைய தடை இன்றோடு ரத்து. அவருக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

உங்கள் அப்பா கதையை நான் கிண்டல் செய்வேனா? உங்கள் அம்மா இறந்த பிறகு ஆறு வருஷம் அவருக்கு ரொட்டி போட்டவள் நான். ஒவ்வொரு தடவை அவர் அதைச் சொல்லும்போதும் கண்ணில் தண்ணீர் நிற்கும். அந்தக் கதவில் அவரை நிறுத்தியவன் யாரோ ஒரு வெள்ளைக்காரன். என்னை எழுப்பி அனுப்பியது யார்? அதே ரூம், அதே பேச்சு.

ஒன்று சொல்கிறேன், கோபத்திலும் மறைக்க முடியவில்லை. உங்களுக்காகத்தான் அந்த மனிதர்கள் வருகிறார்கள். யாருக்கு என்ன பீர், யார் மனைவிக்கு என்ன ஆபரேஷன் என்று அத்தனையும் ஞாபகம் வைத்திருப்பீர்கள். நம் ஊர்க்காரனும் வெள்ளைக்காரனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைக்கிற இடம் இந்தத் தெருவில் வேறு எங்கே இருக்கிறது? அதை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். அதனால்தான் வயிறு எரிகிறது.

10-ஆம் தேதி கோர்ட்டுக்கு வருவேன். என்ன சொல்வேன் என்று கேட்காதீர்கள்.

சுர்ஜீத் கௌர் பூரேவால்


ஆன்வில் பப், ஸ்மெதிக்
3 பிப்ரவரி 1987

சுர்ஜீத்,

கேட்காதே என்றாய், கேட்காமல் இருக்க முடியவில்லை. என்ன சொல்லப் போகிறாய்? லைசென்ஸே வேண்டாம் என்று சொல்லிவிடுவாயா? நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எர்னி வந்து உன் கடிதத்தைப் பாரின் மேல் விரித்து வைத்தார். "முதலாளியம்மா உத்தரவு, ஒரு பைன்ட் ஊத்து" என்றார். ஊற்றினேன். அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நிஜத்தைச் சொல்கிறேன். அன்றைக்கு நீ சிரித்ததில் எனக்குக் கோபமே இல்லை. கதவுப் பக்கம் நம் ஆட்கள் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சுர்ஜீத். நேற்று அவர்களில் ஒருவனிடம் கேட்டேன். "அண்ணி உக்காந்ததயே நாங்க கவனிக்கல, நீங்க கத்தினப்பதான் திரும்பிப் பாத்தோம்" என்றான்.

வெட்கமாக இருக்கிறது. இது போதாதா? இதைப் படித்துவிட்டு வந்துவிடேன்.

சந்தோக்


ஆன்வில் பப், ஸ்மெதிக்
11 பிப்ரவரி 1987

குல்தீப்பின் அப்பாவுக்கு, வுல்வர்ஹாம்டனில் அவர் அண்ணன் வீட்டு விலாசத்தில்

நேற்று கோர்ட்டிலிருந்து நேரே வந்து, உங்களை அண்ணன் வீட்டுக்குப் போகச் சொன்னேன். ஏன் என்று கேட்டீர்கள். சுற்றி ஆட்கள் இருந்தார்கள், பதில் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் ஒருவரை வெளியே அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கோர்ட்டில் நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். தலைப்பாகையைக்கூட ஒழுங்காகக் கட்டவில்லை, பார்த்தேன். "திருமதி பூரேவால், இந்த பப்பை நிஜமாகவே நடத்துவது யார்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். ஏழு வருஷமாக அந்த மாதிரிக் கேள்வி வந்தாலே உங்களைத் திரும்பிப் பார்ப்பேன். நேற்று திரும்பவில்லை. "நான்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது லைசென்ஸ் வைத்திருப்பவளாக எழுதுகிறேன். என் பப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை அவமானப்படுத்திய காரணத்தால் சந்தோக் சிங் பூரேவால் மார்ச் 13 வரை ஆன்வில் பப்புக்குள் வரக்கூடாது. வேறு யார் செய்திருந்தாலும் இதே தடைதான் போட்டிருப்பேன். நீங்களும் போட்டிருப்பீர்கள்.

பாரைத் தர்ஷன் பார்த்துக்கொள்கிறான். நல்ல பையன்தான், ஆனால் யாருடைய பெயரும் ஞாபகம் இல்லை. உங்கள் ரத்த அழுத்த மாத்திரை மேல் டிராயரில் இருந்தது, இதோடு வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று, மறக்க வேண்டாம்.

சுர்ஜீத்


வுல்வர்ஹாம்டன்
11 மார்ச் 1987

அன்புள்ள சுர்ஜீத்,

ஒரு மாசமாக எழுதவில்லை. முதல் இரண்டு வாரம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "அவ செஞ்சதுல என்ன தப்பு?" என்று ரொட்டியைத் தட்டில் போட்டாள். அதற்குப் பிறகு நான் திட்டுவதைக் கேட்க ஆள் கிடைக்கவில்லை.

இந்தத் தெருமுனையில் ஒரு பப் இருக்கிறது. தினமும் போய் உட்கார்ந்தேன். நல்ல இடம்தான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. ஒரு பைன்ட், ஒரு பாக்கெட் உப்புக்கடலை, எதிரே சுவர். உள்ளே ஒரு அடுப்பு எரிகிற வாசனைகூடக் கிடையாது. நம் பப்புக்கு ஏன் மழையில் மூன்று பஸ் மாறி வருகிறார்கள் என்று அங்கே உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது. உள்ளே வந்தால் ஒருத்தர் நகர்ந்து இடம் கொடுப்பார், இன்னொருத்தர் சாப்பிட்டாயா என்று கேட்பார். உனக்கு எர்னி இடம் கொடுத்தார். நான் பிடுங்கினேன்.

வெள்ளிக்கிழமையோடு தடை முடிகிறது. சனி சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறேன். பின்கதவு வழியாக வரமாட்டேன். முன்வாசலில் நிற்பேன். நீ வரச் சொன்னால் ஸ்மோக் ரூமுக்குள் வந்து, நீ கேட்டதை, நீ கேட்ட ஆட்கள் முன்னால், இங்கிலீஷிலேயே சொல்வேன். நம் ஆட்கள் நின்றாலும் சொல்வேன். வேண்டாம் என்றால் திரும்பிப் போய்விடுவேன், சண்டை போடமாட்டேன். லைசென்ஸுக்காக வரவில்லை, அது உன்னுடையது.

கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ரொம்பப் பயமாக இருக்கிறது, சுர்ஜீத்.

சந்தோக்


ஆன்வில் பப், ஸ்மெதிக்
12 மார்ச் 1987

சந்தோக்,

கடிதம் கிடைத்தது. ஆறு மணிக்கு வேண்டாம், பாதிப் பேர்தான் வந்திருப்பார்கள். ஏழு மணிக்கு வாருங்கள்.

சுர்ஜீத்