நசுங்காத எலுமிச்சம்பழம்

ஜூன் 20, வெள்ளி. கிள்ளான்.

சேகர் புது பிக்கப் எடுத்திருக்கிறான். சாயங்காலம் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. நானும் மனைவியோடு போனேன். போகாவிட்டால் பொறாமை என்பார்கள். அது உண்மையும்கூட.

இந்த வண்டியைச் செய்யும் அமெரிக்கக் கார் கம்பெனியில் நானும் சேகரும் ஒன்றாகத்தான் விற்பனை வேலைக்குச் சேர்ந்தோம். அப்போது அதற்கு ஏக மவுசு. பிறகு விற்பனை படுத்தது, ஷோரூமில் ஈ ஓட்டினோம். கம்பெனியையே மூடப்போகிறார்கள் என்று பேச்சு. நான் ஜப்பான் கார் கம்பெனிக்குத் தாவினேன், அவன் அங்கேயே கிடந்தான். இந்த பிக்கப் மாடல் வந்ததும் கம்பெனி எழுந்து உட்கார்ந்துவிட்டது. காப்பார் செம்பனைத் தோட்டம் வரைக்கும் அதுதான் ஓடுகிறது. சேகர் இப்போது கிளை மேனேஜர்.

"சேகர் அண்ணன் பொறுமையா இருந்தாரு லா," என்றாள் என் மனைவி, எல்லார் காதிலும் விழும்படி.

"மச்சான், பழத்த நீயே வைடா. கண்ணு படக்கூடாது," என்றான் சேகர்.

நாலு சக்கரத்துக்கு அடியிலும் நானே வைத்தேன். வண்டி நகர்ந்தது. மூன்று நசுங்கின. ஒன்று வழுக்கிக்கொண்டு என் காலடிக்கு உருண்டு வந்தது. சட்டென்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நாலும் நசுங்கிருச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"நசுங்கிருச்சு லா, போ."

பழம் இதோ, மேசைமேல் இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை.