கொடுக்கக் கூடாத கை

மார்ச் 3

அம்மா நாலாவது மாடியை விட்டு இறங்கி எழுபத்தொன்பது நாள். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு படி ஆகாது. லிஃப்ட் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வீட்டுக்காரர் பூட்டி வைத்துவிட்டார். ஐந்தாவது மாடியில் இருக்கும் அவர் மட்டும் சாவி போட்டுப் போய் வருகிறார். எங்கள் மாடியைத் தாண்டும் சத்தம் கேட்டால் அம்மா தலையைத் தூக்கிப் பார்க்கிறாள்.

லிஃப்டைத் திறக்கச் சொல்லி அம்மாவும் நானும் வழக்குப் போட்டோம். சம்மன் அவர் கைக்குப் போனால்தான் விசாரணை. சம்மன் கொடுக்கும் கோர்ட் ஊழியரான அமீனா இன்று இரண்டாவது முறையாக வந்து, “ஆள் இல்லை” என்று எழுதிவிட்டுப் போனார். ஆள் இல்லையாம்! அதே நேரம் கீழே ஆபீஸ் அறையில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தது யாராம்?

மார்ச் 6

வேறு ஆள் மூலமாகவும் சம்மன் கொடுக்கலாம் என்று ஜட்ஜ் அனுமதித்தார். “ஆள் பாக்கறேன், ரெண்டு நாள் பொறு” என்றார் எங்கள் வக்கீலம்மா. எனக்கு எதற்கு ஆள்? வீட்டுக்காரரை லிஃப்ட் வாசலில் மடக்கி, சம்மனை அவர் கையிலேயே வைத்தேன். வாங்கிப் படித்தார். சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

மார்ச் 20

செல்லாது. வழக்குப் போட்டவர் தன் கையால் சம்மன் கொடுக்கக் கூடாதாம்.

“கோர்ட்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடையில வேலை பாக்கறே. தினமும் நூறு தடவை சம்மன் குடுத்ததுக்கான இந்த ஃபார்மை நகல் எடுக்கறே. நாலாவது வரியை ஒரு நாளும் படிச்சதில்லையா?” என்றார் வக்கீலம்மா.

இல்லை. மை சீராக விழுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன்.

“நாளைக்கு அவரும் உன்மேல ஒரு கேஸ் போட்டுட்டு, உன் கையில குடுத்தேன்னு புளுகினா என்ன பண்ணுவே? அதுக்குத்தான் இந்த விதி.”

நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் எரிச்சல். “அப்போ அமீனா எழுதின பொய்க்கு எந்த வரியில விதி இருக்கு?” என்றேன்.

என் அவசரத்தால் அம்மாவுக்கு வீணாகப் பதினான்கு நாள் சிறை.

மார்ச் 21

சம்மன் கொடுப்பவருக்குப் பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும். வழக்கில் சம்பந்தம் இருக்கக் கூடாது. ‘நான்தான் கொடுத்தேன்’ என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். வக்கீலம்மா பார்த்த ஆள் வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டதும் நழுவிவிட்டாராம். நானே தேடினேன். மூன்றாம் மாடி வாத்தியார்: “என்னை இதுல இழுக்காதேம்மா.” இரண்டாம் மாடி அக்கா கதவையே திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் மட்டும் சட்டென்று குறைந்தது.

மார்ச் 23

தரைத்தளத்து சலூன்காரர், கத்தி அண்ணன், அவராகவே கேட்டார். “அம்மா எங்க கண்ணுலயே படல?” சொன்னேன்.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஷேவிங்குக்கு வருவாரு. குடு அதை.”

“அண்ணா, கடை அவரோடது.”

“கடைதான் அவரோடது. கத்தி என்னோடது.”

மார்ச் 26

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பாதி முகம் வழித்தாகிவிட்டது, பாதி முகத்தில் நுரை. அண்ணன் கத்தியைக் கழுவி அலமாரியில் வைத்தார். கையைத் துடைத்தார். போர்த்தியிருந்த துணிக்கு மேலே, மடியில், சம்மனை வைத்தார்.

“கோர்ட் சம்மன் சார்.”

“யார்றா உன்னைக் குடுக்கச் சொன்னது?”

“எனக்கு நாப்பத்தெட்டு வயசாகுது, கேஸ்லயும் நான் இல்ல. நான் குடுக்கலாம் சார்.” அண்ணன் மறுபடி கத்தியை எடுத்தார். “ஆடாதீங்க, மீசை போயிடும்.”

வீட்டுக்காரர் அரை முகத்தோடு, கழுத்தில் துணியோடு லிஃப்டுக்கு நடந்தார். துணியை இன்னும் திருப்பித் தரவில்லையாம்.

ஏப்ரல் 10

“என் கட்சிக்காரர் கையில் கொடுக்கவே இல்லை” என்றார் அவர்கள் வக்கீல். கூண்டில் நின்ற கத்தி அண்ணன், “கை துணிக்குள்ள இருந்துச்சுங்க ஐயா. மடி வெளியில இருந்துச்சு” என்றார். ஜட்ஜ் பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார்.

சம்மன் செல்லும். வழக்கு முடியும்வரை லிஃப்ட் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 13

அம்மா கீழே போனாள். மேலே வந்தாள். காரணமே இல்லாமல் மறுபடியும் கீழே போனாள்.

மே 8

சலூனுக்குப் பூட்டு! நோட்டீஸும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. நாற்காலி, கண்ணாடி, எல்லாம் உள்ளே. என்னாலதானே? என்னாலதான்!

“எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? பூட்டினது நீயா?” என்றார் அண்ணன். “உங்க வக்கீலம்மா நம்பர் குடு.”

மே 18

கத்தி அண்ணன் போட்ட வழக்கில் சம்மன் தயார். கொடுக்க ஆள் வேண்டும் என்றார் வக்கீலம்மா. நாலாவது வரியை இரண்டு முறை படித்தேன். எனக்கு இருபத்துமூன்று வயது. இந்த வழக்கில் நான் யாருமில்லை.

அம்மாதான் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். ஐந்தாவது மாடி. கதவைத் திறந்தவருக்குப் பத்து நாள் தாடி.

“உன் கையால குடுத்தா செல்லாது. மறந்துட்டியா?”

“அது என் கேஸ் சார். இது அண்ணனோடது. வாங்கிக்குங்க.”

படியில் உட்கார்ந்து ஃபார்மை நிரப்பினேன். நேரம்: காலை ஒன்பது நாற்பது. பெற்றவர்: அவர். கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அம்மா லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.