அம்மா கால் வச்சுப் பார்த்து எடுத்த தரை

லைட்ஹவுஸ் குப்பம்,
ஞாயித்துக்கிழமை.

கண்ணு அம்பிகாவுக்கு நைனா எழுதறது. இங்க நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், அந்த ஊரு வெயில்ல நீ வேளைக்கு சாப்ட்டு உடம்ப நல்லா வச்சுக்கணும்னு எல்லம்மா கோயில்ல விளக்கு ஏத்திட்டு வந்துதான் இத எழுத உக்காந்தேன். தினம் போன்ல பேசறோமே, லெட்டர் எதுக்குன்னு நினைப்ப. போன எடுத்தாலே ஸ்பீக்கர்ல போடுன்னு அம்மா பக்கத்துல வந்து உக்காந்துக்குது, அது எதிர்ல இதையெல்லாம் பேச முடியல. உன்கூட வேலை செய்யற உதயகுமார் லீவு முடிஞ்சு பஹ்ரைன் திரும்பறானாம், அவன்கிட்ட உனக்குக் கருவாடு குடுக்கப் போறேன், அதுலயே இதையும் வச்சிடறேன். நான் கரையில இருந்தப்ப நீ போன் பண்ணி அழுதியே, ஓட்டல் வேலைய விட்டுட்டு வந்துடறேன் நைனா, அம்மாவ இனிமே நான் பாத்துக்கறேன்னு, அதுலயிருந்து வலை பொத்த உக்காந்தாலும் எனக்குக் கை ஓடல. உனக்குப் பதில் சொல்லணும்னா பாத்ரூம் கதைய முழுசா சொல்லணும், பாதிதான் உனக்குத் தெரியும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலயிருந்து கூட்டியாந்ததுலயிருந்து நான்தான் குளிப்பாட்டினேன், நான் கடலுக்குப் போற அன்னிக்கு முனியம்மா அத்தை வந்து குளிப்பாட்டும். பின்னாடி சிமெண்ட் தரையில பிளாஸ்டிக் சேர் போட்டு உக்கார வச்சுத் தண்ணி ஊத்துவேன். மீன் ஏலத்துல வியாபாரிங்கள எல்லாம் வாயாலயே அடக்கின பொம்பளை, அந்த நேரத்துல மட்டும் செவுத்துப் பக்கம் திரும்பிகினு கண்ண மூடிக்கும். சூடு போதுமான்னு கேட்டா தலைய மட்டும் ஆட்டும். கட்டின புருஷன்தானே, எதுக்குக் கூச்சம்னு ஒரு நாள் கேட்டேன், நீ ஊத்தறப்ப நான் ஒரு சாமான் மாதிரி இருக்கறேன்னு சொல்லிச்சு. அதனாலதான் புதுசா பாத்ரூம் கட்டலாம், ஷவர் வைக்கலாம்னு நீ சொன்ன உடனே நான் சரின்னேன்.

உங்க ஓட்டல் பாத்ரூம் போட்டோவ அனுப்பி, எங்கம்மா காலுக்குக் கீழ இந்த மாதிரி மார்பிள்தான் இருக்கணும்னு சொன்ன இல்ல, அதக் காட்டி வாங்க நானும் கொத்தனாரு மாரியும் பொன்னேரி கிளம்பினோம். அம்மா நானும் வரேன்னு ஆட்டோவுல ஏறி உக்காந்துச்சு. கடைக்காரரு போட்டோவப் பாத்து அதே மாதிரி பெரிய வெள்ளை மார்பிள எடுத்து வச்சாரு, குனிஞ்சா முகம் தெரியுது, எனக்குப் புடிச்சுப் போச்சு. அம்மா அதக் கீழ போட்டுத் தண்ணி ஊத்துங்கன்னு சொல்லிச்சு. ஊத்தினாரு. கொஞ்சம் சோப்பும் போடுங்கன்னு சொல்லிச்சு. அப்புறம் செருப்பக் கழட்டிட்டு, என் தோளப் புடிச்சுகினு, அந்த சரியா வராத இடது கால அதுமேல வச்சுது. வச்ச உடனே சர்ருன்னு போச்சு, நான் இடுப்போட சேத்துப் புடிச்சுகினேன். கடைக்காரரு பயந்துட்டாரு, மார்பிள் வேணாம்மா, வழுக்காத டைல்ஸ் நிறைய இருக்குது, அதப் பாருங்கன்னாரு. அம்மாவுக்கு மூச்சு வாங்குது, ஆனா அசையல. என் பொண்ணு மார்பிள்னு ஆசைப்பட்டுட்டா, மார்பிள்லயே வழுக்காதத எடுங்கன்னு சொல்லிச்சு. அவரு உள்ள போயி, பாலிஷ் போடாத சாம்பல் கலரு மார்பிள சின்னச் சின்னத் துண்டா வலையில ஒட்டினத கொண்டாந்தாரு. துண்டுக்குத் துண்டு இடுக்கு இருக்கறதால கால் நிக்கும்னு சொன்னாரு. மறுபடியும் தண்ணி, மறுபடியும் சோப்பு. அம்மா கால வச்சு அழுத்திப் பாத்துட்டு, புடிக்குதுன்னு சொல்லிச்சு. அந்த ஒரு வார்த்தைய அது சொன்ன விதத்த நீ கேட்டிருக்கணும் கண்ணு. நம்ம போர் தண்ணிக்கு வெள்ளைக் கல்லு சீக்கிரம் மஞ்சளாயிடும், இதுதான் சரின்னு மாரியும் சொன்னான்.

அவன் நல்லாதான் போட்டுக் குடுத்தான். வாசல்ல படி வைக்கல, கால் தடுக்கக் கூடாதுன்னு. தண்ணி நிக்காம ஓட்டைப் பக்கம் ஓடறதுக்கு வாட்டம் குடுத்தான், அம்மாவுக்கு வலது கைதானே பலம், அந்தப் பக்கமா கம்பி வச்சான், தண்ணி உள்ள எறங்காம இருக்கக் கல்லு மேல சீலரும் அடிச்சான். எல்லாம் காஞ்சு, நாளைக்கு நானே குளிக்கப் போறேன்னு அம்மா சொல்லிட்டு இருக்குது, அன்னிக்குப் பாத்து முனியம்மா அத்தை, சிமெண்ட் கறை அங்கங்க தெரியுது, அண்ணி குளிக்கறதுக்குள்ள பளிச்சுனு ஆக்கிடறேன்னு ஆசிட்ட ஊத்தித் தேச்சிருச்சு. நீ போன்ல ஆசிட் படவே கூடாதுன்னு எங்க கிட்ட சொன்ன, அத்தைக்கு யாரும் சொல்லல. நுரை பொங்கியிருக்குது. நான் கரையேறி வந்து பாத்தா ஒரு மூலை முழுக்க வெந்த தோல் மாதிரி வெளுத்துக் கிடக்குது. அத்தை வாசல்ல உக்காந்து அழுவுது, அம்மா அது முதுகத் தடவிக் குடுத்துகினு, தரைதானே முனியம்மா, ஆளுக்கு ஒண்ணும் ஆகலியேன்னு சொல்லுது. ஆனா ராத்திரி அம்மாவுக்கு சோறு சரியா எறங்கல. மறுநாள் மாரி வந்து நிறையத் தண்ணி விட்டு அலசிட்டு, ஈரத்தோடவே நைசான உப்புத்தாளு வச்சுத் தேச்சுத் தேச்சு சரி பண்ணினான். பளபளன்னு இருந்திருந்தா தழும்பு அப்படியே நின்னிருக்கும், இது பாலிஷ் இல்லாத கல்லு, அதனால மறைஞ்சுது. இன்னும் உள்ளங்கை அளவு வெளுப்பு இருக்குது, அது கிடக்கட்டும்னுடுச்சு அம்மா. திரும்ப சீலர் அடிச்சுக் காய விட்டோம். இப்ப நீ சொன்ன மாதிரிதான் பாத்துக்கறோம், கொஞ்சூண்டு பாத்திர சோப்பத் தண்ணியில கலந்து கழுவறது, குளிச்ச உடனே வைப்பர்ல தள்ளிக் காய விடறது, எலுமிச்சம்பழமும் ஆசிட் மாதிரிதானே, அது அந்தப் பக்கமே போறதில்ல. தண்ணி தெளிச்சா முத்து முத்தா நிக்கணும், உள்ள எறங்கி கல்லு கறுத்தா திரும்ப சீலர் அடிக்கணும்னு மாரி சொல்லியிருக்கான்.

அதுக்கு அப்புறம் ஒரு காலையில அம்மா சேர உள்ள போடுன்னு சொல்லிச்சு, போட்டேன். வெளிய போன்னு சொல்லிச்சு, வந்தேன். தாழ் மட்டும் போடாத இந்திராணின்னு கெஞ்சிக் கேட்டேன், சரின்னு சாத்திக்கிச்சு. நான் கதவுகிட்டயே நிக்கிறேன், இடுக்குல உன் கால் தெரியுது, கரைக்குப் போன்னு உள்ளயிருந்து சத்தம். போற மாதிரி போயி வீட்டுக்குப் பின்னாடி நின்னேன், அங்க ஏற்கெனவே முனியம்மா அத்தை வாயப் பொத்திகினு நிக்குது. ஷவர் சத்தம் வருது, சேர் நகர்ற சத்தம் வருது, திடீர்னு ஒண்ணும் கேக்கல. அப்புறம் உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. தனியா உக்காந்து எதுக்கோ சிரிக்குது உங்கம்மா. வெளிய வந்தப்ப நைட்டிய உள்பக்கம் வெளிய தெரியப் போட்டிருந்துச்சு, நாங்க ரெண்டு பேரும் சொல்லல. டீ போடுன்னு சொல்லிச்சு, போட்டேன். அதுலயிருந்து தினம் அதுதான், யாரையும் கிட்ட விடறதில்ல.

நீ வேலைய விடறேன்னு சொன்னத நானா அதுகிட்ட சொல்லல, என் மூஞ்சப் பாத்தே இன்னான்னு கேட்டுப் புடுங்கிடுச்சு. அது சொன்னத அப்படியே எழுதறேன். லீவு கிடைச்சா வரட்டும், என் கையால வறுத்த நண்டத் தின்னுட்டு என் பக்கத்துல படுத்துத் தூங்கட்டும், என்னைக் குளிப்பாட்டறதுக்குன்னு வர வேணாம்னு சொல்லிச்சு. எனக்கும் அதுதான் கண்ணு. உனக்கே அந்த ஊரு புடிக்கலன்னா இன்னிக்கே கிளம்பி வா, எங்களுக்காகன்னா வராத, ஆடித் திருவிழாவுக்கு வா போதும்.

எல்லம்மா உன்னக் கண்ணு மாதிரி காப்பாத்துவா, நல்லா இரு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. தினம் போன எடுத்த உடனே, குளிச்சியாம்மா, இன்னிக்கு யாரு குளிப்பாட்டினாங்கன்னு கேப்ப இல்ல, அம்மாவும் பேச்ச மாத்திடும், அத இனிமே கேக்காத.

உன் நைனா
ஆதிகேசவன்