முதல் கையெழுத்து

ஹவுகன்ஸ்டுவா,
12.01.2026

அன்புத் தம்பி தர்மிகனுக்கு,

நலம். நீயும் நலமாய் இரு. போனில் கதைத்தால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். மரேவாத் தீவின் புரட்சி அரசை நோர்வே அங்கீகரிக்க வேண்டும் என்று கோயிலில் நானூறு கையெழுத்து வாங்கினேன். நீ மட்டும், "நான் வெளிநாட்டு அமைச்சில வேலை செய்யிறன் அக்கா" என்று பேனையைத் தள்ளிவிட்டாய். நாடாளுமன்றத்துக்கு முன்னால் பனிக்குள் எத்தனை வருடம் நின்றோம்? எங்களை ஒருவரும் அங்கீகரிக்கவில்லை. அவர்களுக்காவது கிடைக்கட்டும். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் இல்டா மரேவாக்காரி, அகதி. முதல் கையெழுத்து அவளுடையது.

உன் அக்கா,
வசந்தமலர்

ஒஸ்லோ,
19.01.2026

அன்புள்ள அக்கா,

மரேவாவில் ஒரு துறைமுகம் இருக்கிறது. தீவை முன்பு ஆண்ட இரண்டு நாடுகளும் அதற்குத்தான் அடிபடுகின்றன. புதிய அரசை முதலில் அங்கீகரிப்பவருக்கு அது கிடைக்கும். இப்போது எங்கள் அமைச்சும் ஓடுகிறது. உன் நானூறு கையெழுத்தும் எங்களுக்கு நல்ல சாட்டு. இல்டா யாருக்குப் பயந்து ஓடி வந்தாள்? கேட்டுவிட்டு அவள் பெயரை வெட்டு.

தர்மிகன்

ஹவுகன்ஸ்டுவா,
02.02.2026

தம்பி,

வெள்ளைக்காரன் கதிரையில் இருந்தால் அவன் புத்திதான் வரும். அகதியிடம் போய் அப்படிக் கேட்பதா? விசாரணை என்று எங்களைக் குடைந்தது போதாதா? அவள் பெயரோடுதான் மனுவைக் கொடுத்தேன். அங்கீகாரம் வந்துவிட்டது. கோயிலில் கேசரி கொடுத்தேன். உனக்கு இல்லை.

அக்கா

ஹவுகன்ஸ்டுவா,
16.03.2026

தர்மிகன்,

இல்டாவின் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். நாடு இப்போது பாதுகாப்பானதாம். அவளே புதிய அரசுக்காகக் கையெழுத்து வைத்தவளாம். அவளுடைய அண்ணனைச் சுட்டதே அந்தப் புரட்சிக்காரர்தான்.

பிறகேன் வைத்தாய் என்று கத்தினேன். "ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு கொண்டுவந்து தந்தீர்கள். மறுக்கக் கூச்சமாக இருந்தது" என்றாள்.

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் அவளைப் போன்றவர்களுக்கு அங்கே உயிராபத்து என்று உங்கள் கோப்பில் இருக்கிறது. இல்லாமலா என்னைக் கேட்கச் சொன்னாய்? என் வற்புறுத்தலில்தான் வைத்தாள் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன். கோப்பில் உள்ளதை நீ எழுது. மேன்முறையீட்டுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் எனக்குத் தம்பி இல்லை.

வசந்தமலர்

ஒஸ்லோ,
20.03.2026

அக்கா,

எழுதிக் கையெழுத்து வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சட்டத்தரணியிடம் கொடு. மேலதிகாரியிடம் நானே சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை கூப்பிட்டிருக்கிறார். வேலை போய்விடும்.

இது இல்டாவுக்காக, உனக்காக அல்ல. ஜனவரியிலேயே நீ அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன் கேசரியும் வேண்டாம். கொஞ்ச நாளைக்குக் கடிதமும் வேண்டாம்.

தர்மிகன்